நிலைத்து நின்ற நீர்க்குமிழி: ஓட்டோ பேயரின் வாழ்க்கை

தமிழர்களாகிய நமக்கு நீர்க்குமிழி என்றாலே நிலையாமைதான் நினைவுக்கு வரும். நாலடியார் காலம் முதல் இன்றைய மேடைப் பேச்சு வரை, மழைநீரில் தோன்றி மறையும் குமிழியை மனித வாழ்வுக்கு உவமையாகச் சொல்லி வருகிறோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது கட்டுரைப் பயிற்சி நூலில் அந்த உவமையை நான் எத்தனை முறை எழுதியிருப்பேனோ தெரியாது. இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகு அறிவியலை மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்தேன். அங்கே குமிழி என்பது திரவத்துக்குள் அடைபட்ட வளி, அவ்வளவுதான்.

குமிழியை நிலைத்து நிற்கச் செய்து, அதை விற்று நடக்கும் தொழில் ஒன்று உண்டு என்பதைக் கடந்த ஆண்டு தொழிற்பயிற்சிக்குச் சென்றபோதுதான் நேரில் கண்டேன். முழங்கால் காப்பு, முழங்கை காப்பு, மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தின் உட்புறம் ஆகியவற்றுக்கு நுரைத் திண்டுகள் செய்யும் சிறிய தொழிற்சாலை அது. எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை மிக எளியது. கழித்துப் போடப்படும் திண்டுகளை எண்ணி, ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டைக் கட்டி, கழித்ததற்கான காரணத்தை எழுத வேண்டும். இரண்டு நாளிலேயே எனக்கு அலுத்துவிட்டது. எல்லாச் சீட்டிலும் குமிழிக் குறை என்ற ஒரே காரணத்தை எழுதத் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, பயிற்சி அறிக்கை எழுதுவதற்காக நூலகத்தில் தேடியபோதுதான் ஓட்டோ பேயரின் வாழ்க்கையைப் படித்தேன். நான் எழுதியது போன்ற ஒரு சீட்டு அவருடைய வாழ்விலும் வருகிறது. அதனால்தான் இந்த ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுத விரும்பினேன்.

பிறப்பும் கல்வியும்

ஓட்டோ பேயர் 1902ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் பிறந்தார். பேயர் என்ற பெயரைக் கேட்டவுடன் ஆஸ்பிரின் மாத்திரையை விற்ற பேயர் நிறுவனத்தின் வாரிசு என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் இவருக்கும் 1863இல் அந்நிறுவனத்தைத் தொடங்கிய ஃபிரீடரிக் பேயரின் குடும்பத்துக்கும் எந்த உறவும் இல்லை. பெயர் ஒற்றுமை தற்செயலானது. ஆனால் இவருடைய வாழ்வின் பெரும்பகுதி அந்த நிறுவனத்திலேயே கழிந்தது என்பது வேடிக்கையான உண்மை.

முதலாம் உலகப் போர் மூண்டபோது அவருக்கு 11 வயது. முடிந்தபோது 16 வயது. தோற்றுப்போன நாட்டில், பணம் நாளுக்கு நாள் மதிப்பிழந்த காலத்தில் அவர் ஃபிராங்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தார். 1923இல் ஜெர்மனியின் நாணயம் காகிதமாகவே ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு, 1924இல், பேராசிரியர் ஜூலியஸ் ஃபோன் பிரவுனின் வழிகாட்டலில் முனைவர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 22கூட நிறையவில்லை. இதை எழுதும் எனக்கு இப்போது அதே வயதுதான். நான் இன்னும் இறுதியாண்டு ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தைத் தாண்டவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சாயத்திலிருந்து நெகிழிக்கு

அக்காலத்தில் ஜெர்மனியில் வேதியியல் என்றால் முதலில் சாயம்தான். துணிக்கு நிறமேற்றும் செயற்கைச் சாயங்களை உலகுக்கெல்லாம் விற்று வளர்ந்த தொழில் அது. 1925இல் அந்நாட்டின் பெரிய சாய நிறுவனங்கள் பலவும் இணைந்து ஐ.ஜி. ஃபார்பன் என்ற மாபெரும் நிறுவனமாயின. பேயரும் அந்தக் குழுமத்தைச் சேர்ந்த ஃபிராங்ஃபர்ட் காசெல்லா ஆலையில் சாய வேதியியலராகத் தம் தொழில் வாழ்க்கையைத் தொடங்கினார்.

முப்பது வயதைத் தாண்டிய சிறிது காலத்திலேயே, ரைன் நதிக்கரையில் உள்ள லெவர்குசன் நகரில் இயங்கிய முதன்மை ஆய்வுக்கூடத்துக்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். அனுபவம் மிக்க மூத்த வேதியியலர் பலர் இருந்த இடம் அது. அங்கே ஓர் இளைஞர் தலைவராக வந்து அமர்வது எளிதல்ல. அவருடைய யோசனைகளைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதற்கு அங்கே ஆள்களுக்குப் பஞ்சமில்லை.

நைலான் போட்ட வேலி

1930களில் வேதியியல் உலகம் ஒரு புதிய கேள்வியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. சிறு மூலக்கூறுகளைச் சங்கிலிபோல் கோத்து, பட்டும் ரப்பரும் போன்ற பொருள்களை மனிதரே செய்ய முடியுமா என்பதே அந்தக் கேள்வி. அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் 1935இல் நைலானை உருவாக்கினார். அவருடைய முறையில் மூலக்கூறுகள் இணையும் ஒவ்வொரு முறையும் ஒரு துளி நீர் வெளியேறும். அந்த நீரை நீக்கிக்கொண்டே போனால்தான் சங்கிலி நீளும். அந்த வழியைச் சுற்றி டூபான்ட் நிறுவனம் காப்புரிமை என்னும் வேலியைப் போட்டு வைத்திருந்தது.

வேலிக்குள் நுழைய முடியாதவர் வேறு பாதையைத் தேடத்தானே வேண்டும்? பேயர் தேடிய பாதை இதுதான்: எதுவும் வெளியேறாமல், ஒன்றோடொன்று அப்படியே சேர்ந்துகொள்ளும் மூலக்கூறுகளைக் கொண்டு சங்கிலி செய்ய வேண்டும். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் குடும்பம். 1849இலேயே பிரெஞ்சு வேதியியலர் வூர்ட்ஸ் அதைக் கண்டுபிடித்திருந்தார். ஆனால் ஒரு நூற்றாண்டுக் காலம் நெருங்கியும் அதைக் கொண்டு பெரிதாக யாரும் எதையும் செய்துவிடவில்லை.

பேயருக்கு வேண்டியது இரு முனைகளிலும் வினைபுரியும் டை-ஐசோசயனேட். இரு கைகளையும் நீட்டி நிற்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எதிரே, அதேபோல் இரு கைகளை நீட்டிய பாலியால் என்னும் பொருள். ஒருவர் கையை மற்றவர் பிடிக்க, அவர் கையை அடுத்தவர் பிடிக்க, நீண்ட வரிசை உருவாகிவிடும். இந்த யோசனை காகிதத்தில் அழகாக இருந்தது. ஆனால் டை-ஐசோசயனேட்டை ஆலை அளவில் செய்ய அப்போது வழியில்லை. செய்ய வேண்டுமானால் பாஸ்ஜீன் என்ற நச்சு வளியைக் கையாள வேண்டும். முதலாம் உலகப் போரில் படைவீரர்களைக் கொன்ற அதே வளி. ஆகவே மேலிடத்தில் நம்பிக்கை பிறக்கவில்லை. ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே சிலர் அதை வீண் வேலை என்று கருதினார்கள்.

பேயரும் அவருடைய குழுவினரும் விடவில்லை. 1937ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள், பாலியுரேதேன் என்று இன்று நாம் அழைக்கும் பொருளுக்கான அடிப்படைக் காப்புரிமை விண்ணப்பம் பதிவானது. முதலில் அவர்கள் எதிர்பார்த்தது நைலானுக்குப் போட்டியாக ஓர் இழை. இழையும் கிடைத்தது. ஆனால் நைலானை வெல்லவில்லை. கதை அத்தோடு முடிந்திருந்தால், ஓட்டோ பேயரை இன்று வேதியியல் வரலாற்று நூலின் அடிக்குறிப்பில்தான் தேடியிருப்போம்.

பழுதான மாதிரி

1941ஆம் ஆண்டு வாக்கில் நடந்ததாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி இது. பாலியெஸ்டரையும் டை-ஐசோசயனேட்டையும் கலந்து வார்த்த மாதிரிகள் சோதனைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டன. வேண்டியது உறுதியான, கெட்டியான ஒரு நெகிழி. ஆனால் அறுத்துப் பார்த்தபோது உள்ளே எங்கும் குமிழிகள். சோதித்தவர் மாதிரியைத் திருப்பி அனுப்பும்போது, இது போலி எமெந்தால் பாலாடைக்கட்டி செய்வதற்கு வேண்டுமானால் உதவும் என்று கிண்டலாகக் குறிப்பெழுதினாராம். எமெந்தால் என்பது பெரிய பெரிய துளைகளுக்குப் பெயர் போன சுவிட்சர்லாந்துப் பாலாடைக்கட்டி.

அந்தக் குறிப்பை எழுதியவரின் பெயர் வரலாற்றில் பெரிதாக நிற்கவில்லை. அவருடைய பணியில் தவறும் இல்லை. கெட்டியாக இருக்க வேண்டிய பொருளில் ஓட்டை இருந்தால் அது பழுதுதான். அவர் பழுதைக் கண்டார், எழுதினார், அத்தோடு அவர் கடமை முடிந்தது.

பேயரின் குழுவோ அங்கிருந்துதான் தொடங்கியது. குமிழி எங்கிருந்து வந்தது? கலக்கும்போது காற்று புகுந்ததா? அல்லது வினையிலேயே ஏதேனும் வளி பிறந்ததா? ஆராய்ந்தபோது விடை கிடைத்தது. பாலியெஸ்டரில் மீந்திருந்த அமில முனைகளும் ஈரமும் ஐசோசயனேட்டோடு வினைபுரிந்து கரிவளியை வெளியிட்டிருந்தன. நாம் மூச்சுவிடும்போது வெளியேறுகிற அதே கரிவளி. கெட்டியாகிக்கொண்டிருக்கும் பிசினுக்குள் அது அகப்பட்டுக்கொண்டு குமிழியாக நின்றுவிட்டது.

பழுதின் காரணம் தெரிந்துவிட்டால் அதை நீக்கலாம். பேயரின் குழு ஈரத்தை நீக்கிக் கெட்டியான நெகிழி செய்யும் வழியை அறிந்துகொண்டது. அதோடு நிற்காமல், மறுபக்கமும் சிந்தித்தது. வேண்டுமென்றே நீரைச் சேர்த்தால் என்ன ஆகும்? 18 கிராம் நீர் முழுவதும் ஐசோசயனேட்டோடு வினைபுரிந்தால், அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 24 லிட்டர் கரிவளி பிறக்கும். இரண்டு கரண்டி நீரிலிருந்து ஒரு பெரிய வாளி நிறைய வளி! எவ்வளவு நீர் என்பதை அளந்து ஊற்றினால், எவ்வளவு நுரை என்பதும் நம் கைக்கு வந்துவிடும். பாலியுரேதேன் நுரை பிறந்த கதை இதுதான்.

கடந்து போகக் கூடாத பக்கம்

இந்த ஆண்டுகளைப் பற்றி எழுதும்போது மகிழ்ச்சியான பகுதியை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூத அறிவியலாளர்கள் பல்கலைக்கழகங்களிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் விரட்டப்பட்டார்கள். ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் அந்த ஆட்சியோடு கைகோத்து நடந்தது. அவுஷ்விட்ஸ் வதைமுகாமின் அருகே மோனோவிட்ஸில் ஆலை கட்டுவதற்கு முகாம் கைதிகளின் உழைப்பைப் பயன்படுத்தியது. அங்கே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பேயர் பணியாற்றிய அதே லெவர்குசன் வளாகத்தில்தான், 1936 டிசம்பரில், பூச்சிக்கொல்லி தேடிய கெர்ஹார்ட் ஷ்ராடர் என்ற வேதியியலர் தாபுன் என்ற கொடிய நரம்பு நச்சைக் கண்டறிந்தார். முதன்முதலில் செய்யப்பட்ட பாலியுரேதேன் நுரையும் போர் விமானங்களின் பாகங்களுக்கே சென்றது.

போருக்குப் பின் நூரெம்பெர்க்கில் 1947, 1948ஆம் ஆண்டுகளில் நடந்த வழக்கில் ஐ.ஜி. ஃபார்பன் நிர்வாகிகள் 23 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்றனர். 13 பேருக்குத் தண்டனை கிடைத்தது. ஓட்டோ பேயர் அந்த 23 பேரில் ஒருவர் அல்லர். ஆனாலும் அவர் அந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடத் தலைவர்களில் ஒருவராக இருந்தார் என்பதை மறக்க முடியாது. அவரைத் தெய்வமாக்க வேண்டாம். அவர் கண்டதை இல்லையென்று மறுக்கவும் வேண்டாம். ஒரே கூரையின் கீழ் கொல்லும் பொருளும் காக்கும் பொருளும் பிறந்தன. அறிவியல் படிக்கும் நாம், எந்தக் கூரையின் கீழ் வேலை செய்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

சாம்பலிலிருந்து மீண்டும்

போர் முடிந்ததும் ஐ.ஜி. ஃபார்பன் கலைக்கப்பட்டது. நேச நாட்டு நிபுணர்கள் ஜெர்மன் ஆலைகளுக்குச் சென்று ஆவணங்களைத் திரட்டினார்கள். பாலியுரேதேன் பற்றிய செய்தி இப்படித்தான் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் விரிவாகச் சென்றது. 1951இல் பேயர் நிறுவனம் தனி நிறுவனமாக மீண்டும் நிறுவப்பட்டது. ஓட்டோ பேயர் அதன் ஆய்வுப் பணிகளுக்குத் தலைமை ஏற்றார்.

ஆய்வுக்கூடத்துக் குடுவையில் நுரை பொங்குவது ஒன்று. அதை டன் கணக்கில், ஒரே சீராகச் செய்வது வேறொன்று. இரு திரவங்களும் சில நொடிகளுக்குள் வினைபுரியத் தொடங்கிவிடும். கையால் கலக்க நேரமே இராது. எனவே கலவையைச் சரியான விகிதத்தில் பீய்ச்சிக் கலக்கும் இயந்திரங்கள் தேவைப்பட்டன. அவையும் வந்து சேர்ந்தன. 1950களின் முற்பகுதியில் மென்மையான பாலியுரேதேன் நுரை மோல்ட்டோபிரென் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1954இல் அமெரிக்காவின் மான்சான்டோ நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து மோபே என்ற நிறுவனம் அமைந்தது. பாலியெஸ்டருக்குப் பதில் பாலியீதர் என்ற மலிவான மூலப்பொருள் 1950களின் பிற்பகுதியில் வந்ததும் நுரைப்பஞ்சு உலகெங்கும் பரவியது. மெத்தை, கார் இருக்கை, குளிர்பதனப் பெட்டியின் சுவர், காலணியின் அடிப்பாகம் என்று அது நுழையாத இடமில்லை.

பேயரின் தலைமையில் நடந்த ஆய்வுகள் நுரையோடு நின்றுவிடவில்லை. டிராலான் என்ற செயற்கை இழை அந்நிறுவனத்திலிருந்து வந்தது. 1953இல் அந்நிறுவனத்தின் ஊர்டிங்கன் ஆலையில் ஹெர்மன் ஷ்னெல் பாலிகார்பனேட்டைக் கண்டுபிடித்தார். கண்ணாடிபோல் தெளிவும் அடிதாங்கும் வலுவும் கொண்ட நெகிழி அது. இன்று பல தலைக்கவசங்களின் முகத்தடுப்பும் சிலவற்றின் மேலோடும் பாலிகார்பனேட். உள்ளே முகத்தையும் கன்னத்தையும் அணைக்கும் மென்திண்டு பாலியுரேதேன். இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஆய்வில் பிறந்தவை என்பதை அறிந்தபோது, என் அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் பழைய தலைக்கவசத்தை எடுத்து ஒருமுறை திருப்பிப் பார்த்தேன்.

இங்கே ஒரு செய்தியைத் தெளிவுபடுத்த வேண்டும். மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தில் பெரிய அடியைத் தாங்குவது, மேலோட்டுக்கு அடுத்து இருக்கும் பாலிஸ்டைரீன் மணி நுரை. அது நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும். ஒருமுறை நசுங்கினால் மீளாது. எனவே பெரிய அடிபட்ட தலைக்கவசத்தை மீண்டும் அணியக் கூடாது. பாலியுரேதேன் திண்டு தலையோடு கவசம் இறுகப் பொருந்தி நிற்க உதவுகிறது. பொருந்தாத கவசம் அடிபடும் முன்பே கழன்று விழும். முழங்கால் காப்பு, முழங்கை காப்பு, குத்துச்சண்டைக் கையுறை போன்ற, மீண்டும் மீண்டும் அடிவாங்க வேண்டிய கருவிகள் பலவற்றில் பாலியுரேதேன் நுரையே அடியைத் தாங்குகிறது.

திண்டு எப்படிக் காக்கிறது?

இதை விளக்கப் பெரிய சமன்பாடு எதுவும் தேவையில்லை. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு பொருள், தரையில் பட்டு 1 மில்லிமீட்டர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், அது உணரும் சராசரி வேகத்தணிப்பு புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 1000 மடங்கு. அதே பொருள் ஒரு திண்டின் மீது விழுந்து 10 மில்லிமீட்டர் தூரத்தில் நின்றால், அது சுமார் 100 மடங்காகக் குறைந்துவிடும். விழுந்த வேகம் ஒன்றுதான். நிற்பதற்குக் கிடைத்த இடம்தான் வேறு. அந்த இடத்தைக் கொடுப்பவை குமிழிகள். நுரைத் திண்டின் கனஅளவில் மிகப்பெரும் பகுதி வெறும் காற்று. சுவர்கள் மடங்குகின்றன, காற்று பிதுங்கி வெளியேறுகிறது, அடி சிறுகச் சிறுகக் கரைகிறது.

அதைச் செய்யும் முறை இன்றும் பேயரின் குழு கண்டறிந்த வேதியியலையே பின்பற்றுகிறது. பாலியால், நீர், வினையூக்கி, குமிழிகள் சிதையாமல் தாங்கும் சிலிக்கோன் ஆகியவற்றை ஒரு பக்கமும் ஐசோசயனேட்டை மறுபக்கமும் வைத்து, கலக்கும் தலையில் ஒன்றுசேர்த்து அச்சில் ஊற்றுகிறார்கள். சில நொடிகளில் கலவை பால்போல் வெளுக்கிறது. பிறகு பொங்குகிறது. சில நிமிடங்களில் அச்சை நிறைத்துக் கெட்டியாகிறது. நீரைக் கூட்டினால் நுரை இலேசாகும்; குறைத்தால் கனக்கும். அச்சிலிருந்து எடுத்த திண்டை உருளைகளுக்கு இடையே விட்டு நசுக்குவார்கள். முதன்முறை பார்த்தபோது, செய்த பொருளை ஏன் நசுக்குகிறார்கள் என்று திகைத்தேன். குமிழிகளுக்கு இடையிலான மெல்லிய சவ்வுகள் கிழிந்தால்தான் காற்று உள்ளும் புறமும் போய்வரும். இல்லையென்றால் உள்ளே அடைபட்ட சூடான வளி குளிரும்போது திண்டு சுருங்கிப்போகும்.

1966இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காகச் சார்ல்ஸ் யோஸ்ட் உருவாக்கிய, அழுத்தினால் மெதுவாக மீளும் நுரையும் பாலியுரேதேன்தான். விமான இருக்கைக்காகத் தோன்றிய அது, பின்னர் விளையாட்டுத் தலைக்கவசங்களின் உட்புறத்துக்கும் சென்றது.

செய்பவரின் மூச்சு

அணிபவரைக் காக்கும் இந்தப் பொருளைச் செய்பவரை யார் காப்பது என்ற கேள்வியும் உண்டு. முழுமையாகக் கெட்டிப்பட்ட நுரையில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் வினைபுரியாத ஐசோசயனேட்டின் ஆவி மூச்சுக்குழாயைத் தாக்கும். தொடர்ந்து சுவாசிப்பவருக்கு ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சைத் திணறச் செய்துவிடும். ஆகவே காற்றை உறிஞ்சி வெளியேற்றும் குழாய்களும் தகுந்த முகக்கவசமும் அத்தொழிலில் கட்டாயத் தேவை. நான் பயிற்சி பெற்ற இடத்தில் அச்சுகளுக்கு அருகில் பல ஆண்டு வேலை செய்த ஓர் அக்கா இருந்தார். முகக்கவசம் இல்லாமல் நான் கோட்டைத் தாண்டினால், தம்பி என்று ஓர் அதட்டல் வரும். அந்த அதட்டலின் மதிப்பு இதையெல்லாம் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

இறுதி ஆண்டுகள்

ஓட்டோ பேயர் முதுமையிலும் வேதியியலை விட்டு விலகவில்லை. கரிம வேதியியல் செய்முறைகளைத் தொகுத்துத் தரும் ஹோய்பன்-வைல் என்ற புகழ்பெற்ற ஜெர்மன் நூல்வரிசையின் பதிப்பாசிரியர்களில் ஒருவராகவும் விளங்கினார். 1967இல் டுசல்டோர்ஃப் நகரில் நடந்த நெகிழிக் கண்காட்சியில், நெகிழியால் செய்த ஒரு காரைப் பேயர் நிறுவனம் மக்கள் பார்வைக்கு வைத்தது. அதில் பாலியுரேதேனும் முக்கியப் பங்கு வகித்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் பலர் நம்ப மறுத்த பொருள் அது.

1982ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆம் நாள், லெவர்குசனுக்கு அருகிலுள்ள புர்ஷைட் என்ற ஊரில், தம் 79ஆம் வயதில் அவர் காலமானார்.

நிறைவாக

அன்பு வாசகர்களே, இந்த வாழ்க்கையைப் படித்து முடித்தபோது எனக்குள் ஒரு வெட்கம் எழுந்தது. லெவர்குசனில் கிண்டலாகக் குறிப்பெழுதிய அந்தச் சோதனையாளருக்காவது நகைச்சுவை இருந்தது. எல்லாச் சீட்டிலும் ஒரே காரணத்தை எழுதிய எனக்கு அதுவும் இல்லை.

அறிக்கையில் ஒரு விவரம் விடுபட்டதால், மீண்டும் ஒரு வாரம் அந்தத் தொழிற்சாலைக்குச் செல்ல நேர்ந்தது. இம்முறை சீட்டில் நேரத்தையும் அச்சு எண்ணையும் சேர்த்து எழுதினேன். மூன்றாம் நாளே ஒன்று கண்ணில் பட்டது. கழிக்கப்பட்ட திண்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை காலை வேலை தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் வார்த்தவை. அச்சுகள் அப்போது போதிய அளவு சூடேறியிருக்கவில்லை. குளிர்ந்த அச்சில் நுரை சுவரோரம் சரியாகப் பொங்காது.

பெரிய கண்டுபிடிப்பு செய்துவிட்ட பெருமையோடு அதை அந்த அக்காவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த திண்டின் ஓரத்தைக் கத்தரித்தபடியே, அது தமக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும் என்றார். ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் கேட்கவில்லையே என்றார்.

அன்று மாலை, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே அறிக்கையில் சேர்த்தேன். மறுநாள் முதல் அச்சுகளை அரை மணி நேரம் முன்னதாகவே சூடேற்றத் தொடங்கினார்கள். பயிற்சி முடிந்து விடைபெறும்போது அந்தச் சீட்டுக் கட்டு முழுவதும் தீர்ந்திருக்கவில்லை. மீதியை அக்காவிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.